மூன்றாவது சில்லை எங்கே கட்டுவது?

வானுக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் எங்கள் முகாம் பெட்டி ஓடுவதற்கு இரண்டு சில்லுகள். காற்றுப் போனால் மாற்றுவதற்கு மூன்றாவது ஒன்று வேண்டும். அந்த மூன்றாவதை எங்கே கட்டுவது, எப்படித் தூக்குவது என்பதற்கு இரண்டு ஆண்டுகளில் மூன்று விடைகளைக் கண்டு, அவற்றில் இரண்டை வெட்டி எறிந்திருக்கிறேன். முற்றத்தில் வைத்துச் சொந்தக் கையால் இழுவைப்பெட்டி செய்கிறவர்கள் கூரை, மெத்தை, சமையல் தட்டு என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசி நாளில்தான் ஸ்பெயார் சில்லை நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். உண்மையில் சட்டத்துக்கு முதல் வெல்டிங் வைப்பதற்கு முன்பே முடிவெடுக்கவேண்டிய விடயம் இது.

முதலில் என் பெட்டியின் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன்; பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் இவற்றில்தான் நிற்கின்றன. வானின் கொளுக்கி உருண்டையிலிருந்து பெட்டியின் முன்சுவர் 1.2 மீற்றர். பெட்டியின் நீளம் 2.4 மீற்றர். அச்சு, உருண்டையிலிருந்து 2.55 மீற்றரில் இருக்கிறது. கூடாரம், தண்ணீர், பாத்திரம் எல்லாம் ஏற்றினால் மொத்த நிறை ஏறத்தாழ 430 கிலோ. ரயர் 155/80 ஆர் 13. இந்த அளவு ரயரில் 79 என்ற சுமை எண் இருந்தால் ஒன்று 437 கிலோ தாங்கும். இரண்டு ரயருக்கு என் பெட்டி பாரமே இல்லை. ரிம்மோடு சேர்த்துத் தராசில் வைத்தபோது ஒரு சில்லு 15 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. விட்டம் 58 சென்ரிமீற்றர், தடிப்பு 16 சென்ரிமீற்றர்.

15 கிலோ என்பது பெரிய நிறை இல்லை. ஒரு சிறிய அரிசி மூட்டை. ஆனால் அரிசி மூட்டையைத் தோளில் சாய்க்கலாம். சேறு அப்பிய சில்லைச் சாய்க்க முடியாது. அதற்குப் பிடியும் கிடையாது. அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை. ஸ்பெயார் சில்லை இறக்குவது பாதி வேலைதான். கழற்றிய பழுதான சில்லு எங்கே போகும்? அதே இடத்துக்கு, அதே உயரத்துக்கு, இருட்டில், களைத்த கையால் ஏற்றியாகவேண்டும். ஆகவே ஓர் இடம் நல்லதா கெட்டதா என்று பார்க்கும்போது சில்லு அங்கே எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது என்பதை நான் பார்ப்பதில்லை. பயணத்தில் இருப்பவர்களில் மிகவும் பலம் குறைந்தவர், உதவிக்கு ஆள் இல்லாத இடத்தில், அதைத் திரும்ப ஏற்றமுடியுமா என்பதைத்தான் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் அந்த அளவுகோல் என் மனைவி. அவருக்கு வலது தோளில் நோவு.

முதல் விடை, பெட்டியின் அடிப்பக்கம். வான்களிலும் பிக்கப்களிலும் பின்பக்க அடியில் சில்லு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பியைச் செருகிச் சுழற்றினால் சங்கிலியோ உருக்குக் கயிறோ இறங்கி, சில்லைத் தரையில் வைத்துவிடும். பழைய இரும்புக் கடை ஒன்றில் அப்படியொரு வின்ச் கிடைத்தது. அச்சுக்குப் பின்னால் பூட்டினேன். பாரத்துக்கு நல்ல இடம்தான்: தாழ்வாகவும் அச்சுக்குப் பக்கமாகவும் இருக்கும். பெட்டிக்குள் இடம் மிச்சம். பார்வைக்கும் தெரியாது, கள்வருக்கும் எட்டாது. தாளில் பார்த்தால் இதைவிட நல்ல விடை இல்லை.

தாளில் உப்புக் காற்று வீசுவதில்லை. காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் பொன்னாலை வழியாகப் போகிறபோதும், புங்குடுதீவுக்குப் போகிறபோதும் வீதியின் இருபுறமும் கடல்நீர். ஈரமான உப்பு மணல் சில்லால் எறியப்பட்டு நேராக அந்த வின்ச்சில் போய் அடிக்கிறது. முறுக்கிய உருக்குக் கயிற்றின் இழைகளுக்கு இடையில் உப்பு ஏறிவிட்டால் வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொண்டு அரிக்கும். வான்களில் மட்டும் அது ஏன் பிழைக்கிறது என்றால், பல வான்களில் அதுவும் பிழைப்பதில்லை. தேவை வரும் நாள்வரை யாரும் சுழற்றிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

தேவை வந்த நாள் எனக்கு ஆவணியில் வந்தது. மன்னாரிலிருந்து ஏ-32 வீதியால் திரும்பிக்கொண்டிருந்தோம். முழங்காவிலைத் தாண்டிவிட்டோம், பூநகரி இன்னும் வரவில்லை. பொழுதுபட்டுவிட்டது, இரண்டு பக்கமும் வெளி. பெட்டி ஒரு பக்கம் சரிந்து ஓடுவதை மகள்தான் முதலில் கண்டாள். இறங்கிப் பார்த்தால் இடது ரயரின் பக்கச்சுவரில் விரல் நுழையும் வெட்டு. ஜக் வைத்து உயர்த்தினேன். வீதியில் முதுகை வைத்துப் படுத்து, கம்பியைச் செருகிச் சுழற்றினேன். அரைச் சுற்று வந்தது. அதற்குமேல் அசையவில்லை. கை விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, கயிறு உருளையில் சுற்றியிருந்த இடம் முழுவதும் ஒரே பழுப்புக் கட்டியாக, பனங்கட்டி உறைந்ததுபோல் இருந்தது. இழை வேறு, உருளை வேறு என்று பிரித்தறிய முடியவில்லை.

முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் நிறுத்திக் குனிந்து பார்த்தார்.

“தம்பி, கயிற்றை அறுத்துவிடுங்கள். சில்லு கிடைத்தால் வீட்டுக்குப் போகலாம். கயிறு நாளைக்கும் வாங்கலாம்.”

“சரி அண்ணை” என்றேன். அவருடைய பெட்டியிலிருந்த வாளலகால் இருவருமாக மாறிமாறி அறுத்தோம். சில்லு தொப்பென்று விழுந்தது. மாற்றிப் பூட்டியபிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது: வெட்டுப்பட்ட சில்லை வைக்க இடமில்லை. வின்ச் செத்துவிட்டது. கடைசியில் அதைச் சாரம் ஒன்றில் சுற்றி மெத்தையின்மேல் போட்டுக்கொண்டு சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்தோம். அந்த மெத்தையில் ரப்பர் மணம் மாரி முடியும்வரை போகவில்லை.

அடிப்பக்கத்தை முழுவதும் ஒதுக்கச் சொல்லவில்லை. கடற்கரைக்கே போகாதவர், உருக்குக் கயிற்றுக்குப் பதிலாகத் துத்தநாகம் பூசிய கல்வனைஸ் சங்கிலி போட்டு, மாதம் ஒருமுறை முழுவதும் இறக்கி, நல்ல தண்ணீரால் கழுவி, கிரீஸ் பூசி ஏற்றுகிறவர் என்றால் அது அவருக்கு நன்றாகவே உழைக்கும். ஏற்றியபின் சில்லு கயிற்றில் தொங்கக்கூடாது. மேலே இரண்டு கட்டைகளில் இறுக அழுந்தி நிற்கவேண்டும். தொங்கினால் பள்ளம் விழும் ஒவ்வொரு முறையும் ஆடி, கயிற்றை ஒரே இடத்தில் தேய்க்கும். இன்னொன்றையும் அளந்து பாருங்கள். என் சட்டத்தின் அடி தரையிலிருந்து 42 சென்ரிமீற்றர். சில்லும் அதன் பிடியும் சேர்ந்து 18 எடுத்தபின் மிச்சம் 24தான். மணற்காட்டு மணலில் அது கலப்பையாக மாறிவிடும்.

அடுத்து எல்லாரும் கேட்பது பின்சுவர். படங்களில் பார்க்கும் பெரிய ஜீப்களின் பின்னால் சில்லு தொங்குவதால் இதற்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. கதவு பின்பக்கம் இருந்தால் சில்லைத் தாங்கும் கை ஒன்று கதவுபோல் திறந்து மூடவேண்டும். நெல்லியடியில் ஒரு நண்பர் பழைய காரில் சில்லைப் பூட்டும் ஹப்பையும் பெயரிங்கையும் கீலாக வைத்து அப்படியொரு கை செய்திருக்கிறார். விரலால் தள்ளினால் திறக்கும். வேலைப்பாடு அவ்வளவு நேர்த்தி. ஒரு நாள் அதைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கை சட்டத்தோடு சேரும் மூலையில், வெல்டிங்கின் ஓரமாகப் பெயின்ற்றுக்கு மேலே மயிர்போல ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினோம். பெயின்ற் உதிர்ந்தது; கோடு உள்ளே போயிருந்தது. வெடிப்பு. நீண்ட கையின் நுனியில் 15 கிலோ. வீதியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது மேலும் கீழும் வளைக்கிறது. வெல்டிங் விட்டுப்போவது அதன் நடுவில் அல்ல, உருகிய இரும்பும் உருகாத இரும்பும் சந்திக்கும் அந்த ஓரத்தில்தான். அவர் பின்னர் முக்கோணத் தகடு வைத்துப் பலப்படுத்தினார். மூடிய நிலையில் கையின் நுனி ஒரு சாய்வான கட்டையில் ஏறி உட்காரும்படியும் செய்தார். இப்போது ஓடும்போது பாரத்தைக் கட்டை தாங்குகிறது, கீல் தாங்குவதில்லை. பின்கை வைக்கிறவர்கள் இந்த இரண்டையும் முதல் நாளே செய்யவேண்டும். சில்லு பின்விளக்கையும் இலக்கத்தகட்டையும் மறைக்காமலும் இருக்கவேண்டும்.

ஆனால் பின்சுவரை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் வெல்டிங் அல்ல, பாரம். வண்டில் ஓட்டிய தலைமுறைக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பின்பாரம் ஏறினால் நுகம் மேலே கிளம்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்துப் புண்ணாகும். என் அப்பப்பா மூட்டை ஏற்றி முடித்ததும் மாட்டைப் பூட்டுவதற்கு முன் நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கை கொஞ்சம் கனத்தை உணரவேண்டும், அதிகமாகவும் இருக்கக்கூடாது. இழுவைப்பெட்டிக்கும் அதே நியாயம். இங்கே மாட்டின் கழுத்துக்குப் பதிலாக வானின் உருண்டை. மொத்த நிறையில் நூற்றுக்கு 7 முதல் 10 வரை முன்பாரமாக உருண்டையில் அழுந்தினால் பெட்டி அமைதியாகப் பின்தொடரும். அது குறைந்தால் வேகம் கூடும்போது பெட்டி வாலாட்டத் தொடங்கும். ஏ-9 வீதியில் ஒரு பெரிய பஸ் காற்றைக் கிழித்துக்கொண்டு முந்திப்போகும் அந்தக் கணத்தில், முன்பாரம் இல்லாத பெட்டியை இழுத்துக்கொண்டு நீங்கள் இருக்க விரும்பமாட்டீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். சில்லு 15 கிலோ, பின்கை 9 கிலோ, மொத்தம் 24. அது அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால் இருக்கிறது. 24ஐ 1.2 ஆல் பெருக்கி, உருண்டைக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள 2.55 ஆல் பிரித்தால் 11 கிலோவுக்குச் சற்று மேல். அவ்வளவும் முன்பாரத்திலிருந்து கழிகிறது. அதே சில்லை முன்சுவரில் 3 கிலோப் பிடியோடு வைத்தால் அச்சுக்கு 1.45 மீற்றர் முன்னால் வருகிறது; முன்பாரம் 10 கிலோ கூடுகிறது. ஆக, ஒரே சில்லைப் பின்னால் வைப்பதற்கும் முன்னால் வைப்பதற்கும் உருண்டையில் 21 கிலோ வித்தியாசம். என் பெட்டியின் முன்பாரம் இப்போது 38 கிலோ. கொளுக்கிக்குக் கீழே பலகை அடுக்கி, உடல் நிறை பார்க்கும் தராசை வைத்து அளந்தேன். சில்லு பின்னால் இருந்திருந்தால் அது 17க்குப் போயிருக்கும், நூற்றுக்கு 4. அச்சைப் பின்தள்ளி இதைச் சரிசெய்யலாம் என்பது உண்மை. ஆனால் அச்சைப் பூட்டுவதற்கு முன் யோசித்தவருக்குத்தான் அந்த வசதி.

கூரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1.8 மீற்றர் உயரத்துக்கு 15 கிலோவைத் தலைக்கு மேலே தூக்கவேண்டும், இறக்கும்போது அது உங்கள் முகத்தை நோக்கி வரும். வல்லை என்ற திறந்த வெளியில் பக்கக் காற்று அடிக்கும் நாளில் பெட்டியின் தலையில் பாரம் இருப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். உட்பக்கமும் அப்படித்தான். சில்லை எடுப்பதற்கு முதலில் படுக்கை, பாத்திரம், அரிசி எல்லாவற்றையும் வீதியில் இறக்கவேண்டும். திரும்பப் போவதோ சேற்றுச் சில்லு. ஓட்டோச் சில்லுபோல் 8 அங்குலச் சிறு சில்லு பூட்டிய பெட்டி என்றால் மட்டும் உள்ளே ஒரு மூலையில் வைக்கலாம். அதை ஒரு கையால் எடுத்துவிடலாம்.

பக்கச்சுவர் இவற்றைவிடப் பரவாயில்லை. அச்சுக்கு நேர்மேலே வைத்தால் முன்பாரமும் மாறாது, பின்பாரமும் மாறாது. ஆனால் பெட்டியின் அகலம் ஒரு பக்கத்தில் 16 சென்ரிமீற்றர் கூடுகிறது, நம் ஒழுங்கைகளில் அது வேலிக் கதியாலில் உரசும். நமக்கு வீதியோரம் இடப்பக்கம். சில்லை வலப்பக்கச் சுவரில் கட்டினால் லொறிகள் போகும் பக்கமாக நின்று கழற்றவேண்டும். இடப்பக்கம் கட்டினால் பெரும்பாலும் அங்கேதான் கதவும் சமையல் தட்டும் இருக்கும். என் பெட்டியில் இடப்பக்கம் முழுவதும் சமையலுக்குப் போய்விட்டது.

வின்ச் செத்தபிறகு இரண்டாவது விடையாக நான் வந்து சேர்ந்த இடம் பெட்டிக்கு முன்னாலுள்ள முக்கோணச் சட்டம். முதலில் சில்லைச் சட்டத்தின்மேல் படுக்கவைத்து நடுவில் ஒரு போல்ட்டால் இறுக்கினேன். செய்வதற்கு அரை நாள். தூக்கும் உயரம் 45 சென்ரிமீற்றர் மட்டும். இதுவே போதும் என்று பலருக்குத் தோன்றும். எனக்கும் எட்டு மாதம் தோன்றியது. இரண்டு காரணங்களுக்காக மாற்றினேன். ஒன்று, தண்ணீர்க் கலனும் கருவிப் பெட்டியும் வைக்கவேண்டிய இடம் அது. மற்றது மாரி. பெட்டி ஆண்டின் பெரும்பகுதி வீட்டில்தான் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் படுத்திருக்கும் ரிம்மின் குழியிலும் ரயரின் ஓரத்திலும் தண்ணீர் தேங்கும். இரண்டு தேங்காய்ச் சிரட்டை அளவுதான். டெங்கு நுளம்புக்கு அதுவே தாராளம். மார்கழியில் ஒரு நாள் உறையைத் தூக்கிப் பார்த்தேன், புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவதற்கு முன் நானே கண்டது நல்லதாகப் போயிற்று. பிள்ளைகள் இருக்கும் முற்றம் அது.

ஆகவே மூன்றாவது விடை: அதே முக்கோணச் சட்டத்தில், ஆனால் முன்சுவரோடு சாய்ந்து நிமிர்ந்து நிற்கும் சில்லு. இதில் முதலில் பார்க்கவேண்டியது வானோடு முட்டுமா என்பது. பின்னோக்கி எடுக்கும்போது வான் மடங்கித் திரும்பும். என் டொல்பின் வானின் பாதி அகலம் 85 சென்ரிமீற்றர். உருண்டை, பின்பக்க பம்பரிலிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியே நிற்கிறது. ஆக, உருண்டையிலிருந்து வானின் பின்மூலைக்கு 87 சென்ரிமீற்றர். அந்த அளவில் உருண்டையை மையமாக வைத்து நிலத்தில் ஒரு வட்டம் கீறுங்கள். பெட்டியிலுள்ள எதுவும், பெட்டியைக் கழற்றி நிறுத்தும்போது முன்பக்கத்தைத் தாங்கும் ஜொக்கிச் சில்லின் கைப்பிடி உட்பட, பம்பர் உயரத்தில் அந்த வட்டத்துக்குள் வரக்கூடாது. என் சில்லின் முகம் உருண்டையிலிருந்து 1 மீற்றரில் நிற்கிறது; எவ்வளவு மடங்கினாலும் 13 சென்ரிமீற்றர் இடைவெளி மிஞ்சும். வானின் பின்கதவு மேலே திறக்கும்போது சில்லில் படுகிறதா என்பதையும் பெட்டியைக் கொழுவிவைத்துத் திறந்து பார்க்கவேண்டும். தாளில் கீறிப் பார்த்தது போதாது.

தாங்கி மிக எளிமை. முன்சுவரின் அடியில், சட்டத்தின்மேல், இரண்டு கோண இரும்புத் துண்டுகளைத் தொட்டில்போல் சாய்த்து வெல்டிங் செய்தேன். சில்லின் முழுப் பாரமும் அந்தத் தொட்டிலில்தான். சுவரிலுள்ள சட்டத்திலிருந்து 16 மில்லிமீற்றர் மரையிட்ட தண்டு ஒன்று ரிம்மின் நடுத்துளை வழியாக வெளியே வருகிறது. அதில் ஒரு வட்டத் தகடும் பெரிய காதுள்ள நட்டும். ரிம்மின் நான்கு துளைகளுக்கு நேராக நான்கு போல்ட் வைப்பவர்களும் உண்டு. ஆனால் இருட்டில் சில்லைச் சுழற்றிச் சுழற்றித் துளையைத் தேடவேண்டிவரும். நடுத்தண்டுக்குச் சில்லு எப்படித் திரும்பி நின்றாலும் ஒன்றுதான். தண்டின் நுனியில் துளையிட்டுப் பூட்டுப் போட்டிருக்கிறேன்.

இனித் தூக்கும் விடயம். இங்கேதான் என் மனம் அதிகம் உழன்றது. வின்ச் வைக்கலாம். சிறு தூண் ஒன்று நட்டு, கப்பி கட்டி இழுக்கலாம். ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைப்பதில்லை, இழுக்கும் திசையை மட்டும் மாற்றுகிறது. பாதியாகக் குறைக்க இன்னொரு கப்பி சில்லோடு சேர்ந்து ஏறவேண்டும். எல்லாவற்றையும் கீறிப் பார்த்தேன். கடைசியில் துலா மிதித்து இறைத்த ஊரில் பிறந்தவனுக்கு வரவேண்டிய கேள்வி வந்தது: முழுப் பாரத்தையும் ஒரே தடவையில் ஏன் தூக்கவேண்டும்?

சில்லின் விட்டம் 58. சட்டத்தின் உயரம் 45. சில்லை உருட்டிக்கொண்டு வந்து, அடிப்பக்கம் சட்டத்திலிருந்து 35 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கும்படி சாய்த்தால், மேல்விளிம்பு சட்டத்தின்மேல் சரியாக அமர்கிறது. வழுக்காமல் இருக்கச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு விரல் உயரத்துக்கு இரும்புப் பட்டை ஒன்றை உதடுபோல் வெல்டிங் செய்தேன். இப்போது அடிவிளிம்பை மட்டும் தூக்கினால் போதும். மற்றப் பாதியைச் சட்டம் தாங்குகிறது. கைக்கு வருவது 7 அல்லது 8 கிலோ. சில்லு படுத்த நிலைக்கு வந்ததும் கொஞ்சம் தூக்கி உதட்டைத் தாண்டவைத்து உள்ளே தள்ளவேண்டும். சட்டத்தின் குறுக்கே இரண்டு பொக்ஸ் பார் வைத்திருப்பதால் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு முன்விளிம்பைப் பிடித்து நிமிர்த்தினால் சில்லு தொட்டிலில் ஏறி நிற்கும். அப்போதும் பாதிப் பாரம்தான். 15 கிலோவையும் யாரும் ஒருபோதும் தூக்கவில்லை. இறக்குவதும் இதே வழிதான், தலைகீழாக. கப்பியும் இல்லை, கயிறும் இல்லை. உப்பு வந்து பிடித்துக்கொள்ள எதுவுமில்லை.

சில்லை ஹப்பில் பூட்டும்போதும் இதே நியாயம் உதவும். போல்ட்டும் துளையும் சேருவதற்கு நான்கைந்து சென்ரிமீற்றர் உயர்த்தவேண்டும். அந்த நான்கைந்தில்தான் இடுப்புப் பிடிக்கிறது. 5 அடி அலவாங்கை ரயருக்கு அடியில் செலுத்தி, ரயரிலிருந்து 20 சென்ரிமீற்றரில் ஒரு கல்லை முட்டாக வைத்து, மறுமுனையை அழுத்துங்கள். மிச்சம் 130 சென்ரிமீற்றர் உங்கள் பக்கம் இருப்பதால் இரண்டரைக் கிலோ அழுத்தமே போதும். காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் சில்லைத் திருப்பித் துளையைச் சேர்க்கலாம். வானைக் கொழுவியபடியே வைத்திருங்கள். கைபிரேக்கை இழுத்து, மற்றச் சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தபிறகு ஜக்கைத் தொடுங்கள்.

என் விடை எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். 16 அங்குல ரிம்மில் பெரிய ஜீப் ரயர் பூட்டியவருக்குச் சில்லு 30 கிலோவைத் தாண்டும். அதில் பாதியே என் முழுச் சில்லு. அவருக்குச் சட்டமும் உயரமாக இருக்கும். சாய்த்தாலும் விளிம்பு எட்டாமல் போகலாம். அவர் முன்சுவரிலேயே சிறு கை வின்ச்சும் கப்பியும் வைப்பது நல்லது. உருக்குக் கயிற்றுக்குப் பதிலாக நைலோன் பட்டி போடட்டும். அது துருப்பிடிக்காது, வெயிலில் நைந்தால் கண்ணுக்குத் தெரியும். பெட்டிக்கும் வானுக்கும் ஒரே ரிம்மும், நட் துளைகள் அமைந்த வட்டம் ஒரே அளவாகவும் அமையுமானால் ஒரு ஸ்பெயார் சில்லே இரண்டுக்கும் உதவும். பெட்டி செய்யத் தொடங்குமுன் ஹப் தேடுகிறவர்கள் இதை முதலில் பார்க்கவேண்டும். எனக்கு 4 நட் ஹப் மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். இன்று வாங்குவதானால் வானுக்குப் பொருந்துவதைத்தான் தேடுவேன். ஸ்பெயார் சில்லே வேண்டாம், ஒட்டும் பொருளும் காற்றடிக்கும் கருவியும் போதும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆணி ஏறிய ரயருக்கு அது சரி. எனக்கு வந்ததுபோல் பக்கச்சுவர் வெட்டுப்பட்டால் அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்திருக்கவேண்டியதுதான்.

முன்சுவரில் இருக்கும் சில்லு முழு வெயிலையும் வாங்கும். ஓடாத ரயரும் வயதாகித்தான் போகும். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மற்ற இரண்டும் புதிதாக இருந்து ஸ்பெயார் மட்டும் பழசாக இருப்பது வழக்கம். ரயர்களை மாற்றும்போது மூன்றையும் சுற்றில் விடுங்கள். ரெக்சின் உறை ஒன்று தைத்துப் போடுங்கள். அடியில் இரண்டு துளைகள் வைக்கத் தையற்காரரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உறையே தண்ணீர்த் தொட்டியாகிவிடும். காற்றும் பார்க்கவேண்டும். நடுத்தண்டு முறையில் சில்லின் எந்த முகம் வெளியே நிற்கவேண்டும் என்று ஒரு தெரிவு இருக்கிறது. வால்வு உங்களைப் பார்க்கும்படி வையுங்கள், கழற்றாமலே காற்றடிக்கலாம்.

பெயின்ற் அடிப்பதற்கு முன் ஒருநாள் முற்றத்தில் சோதித்துப் பார்த்தோம். மாமரத்தடியில் பெட்டியை நிறுத்தி, சில்லை வேண்டுமென்றே சேற்றில் உருட்டி, மனைவியிடம் கொடுத்தேன். நான் தொடவில்லை. நோகும் தோளைப் பயன்படுத்தாமல் இடக்கையாலும் முழங்காலாலும் அவர் அதைச் சாய்த்து, தூக்கி, தள்ளி, நிமிர்த்தினார். நடுவில் ஒருமுறை நின்று மூச்சுவாங்கினார்; சில்லு பாதி வழியில் சட்டத்தின்மேல் தானாகவே கிடந்தது. வின்ச்சோ கப்பியோ இல்லாத ஒரு முறையில் இளைப்பாற இடம் கிடைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நட்டை இறுக்கிவிட்டு அவர் கேட்டார்: “எல்லாம் சரி. ஏன் என்னை வீதிப் பக்கத்தில் நிற்கவைத்தீர்கள்?”

இரும்பு உதட்டைச் சட்டத்தின் வலப்பக்கத்தில் வெல்டிங் செய்திருந்தேன். முற்றத்தில் அந்தப் பக்கத்தில்தான் எனக்கு நிழல் இருந்தது. சனிக்கிழமை அதை வெட்டி இடப்பக்கத்துக்கு மாற்றப்போகிறேன்.